பச்சையா, கருநீலமா? பெயின்ட் கடைக்குப் போகும் முன் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்!

அன்னூர், கோவில்பாளையம், புளியம்பட்டி பக்கம் புது வீடு கட்டும் குடும்பங்களில் கடைசி மாதம் ஒரு பஞ்சாயத்து வராமல் இருக்காது. பூச்சு வேலை முடிந்து, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்த பிறகு "கலர் மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே ஆரம்பிச்சிடலாமுங்க" என்று பெயின்டர் வந்து நிற்பார். அப்பா பச்சை என்பார், "கண்ணுக்குக் குளிர்ச்சி கண்ணு." பெங்களூருவில் வேலையில் இருக்கும் மகளோ, சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்குப் போய்வரும் மகனோ கருநீலம் என்பார்கள், "இப்ப அதுதாங்கப்பா ட்ரெண்டு." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஷேட் கார்டு படங்கள் பறக்கும். அம்மாவை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பஞ்சாயத்தில் இரண்டு தரப்பும் தப்பான கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது என் கருத்து. பச்சையா நீலமா என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு அடர்த்தி, எந்தச் சுவர், பகல் முழுக்க அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கப்போவது யார் என்பவைதான் முதல் கேள்விகள். கலரைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு நாள் வந்து போவார்கள். மீதி 28 நாளும் அந்த வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும், சில வீடுகளில் 80 வயது ஆத்தாவும்தான்.

இதை ரசனைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. "கோவைன்னா குளுகுளு" என்ற பழைய பெருமையை நம்பி ஏப்ரல், மே மாதங்களை இனி கடக்க முடியாது. வெயிலில் முதலில் பாதிக்கப்படுவது வயதானவர்கள். அவர்கள் வெயிலைச் சந்திக்கும் இடம் ரோடு அல்ல, பெரும்பாலும் அவர்களுடைய படுக்கையறைதான்.

நிறத்துக்கு முன்னால் ஒரு எண்

பெயின்ட் உலகில் எல்.ஆர்.வி. என்று ஓர் அளவு உண்டு. தன் மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்லும் எண் அது. கன்னங்கரேல் கறுப்புக்கு 0, முழு வெண்மைக்கு 100. பல பெயின்ட் கம்பெனிகள் இதை ஷேட் கார்டிலோ இணையதளத்திலோ தருகின்றன. நாம்தான் பார்ப்பதில்லை. நிறத்தின் பெயரைப் பார்க்கிறோம், அந்தப் பெயருக்கு மயங்குகிறோம்.

கருநீல ஷேடுகள் பெரும்பாலும் 10-க்குக் கீழே இருக்கும். இளம்பச்சை 60, 70-ஐ ஒட்டி இருக்கும். "அப்ப பச்சைதான் ஜெயிச்சது" என்று அப்பா கிளம்பிவிட வேண்டாம். பாட்டில் பச்சை, காட்டுப் பச்சை என்று விற்கும் அடர்பச்சைகளும் 10-ஐ ஒட்டித்தான் நிற்கும். வெயிலைப் பொறுத்தவரை அடர்பச்சையும் கருநீலமும் ஒரே தட்டில் இருக்கிற இரண்டு இட்லி. அதேபோல வெளிர்நீலம் இளம்பச்சையின் பக்கத்து வீட்டுக்காரன். சூட்டைத் தீர்மானிப்பதில் நிறத்தின் பெயரைவிட அடர்த்திக்குத்தான் பங்கு அதிகம்.

எல்.ஆர்.வி. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும்தான் அளக்கிறது. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. அதைத் திருப்பி அனுப்பும் சிறப்பு நிறமிகள் சேர்த்த 'கூல் பெயின்ட்'கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் அடர்நிறம் வாங்கினால் சாதாரண அடர்நிறத்தைவிடச் சூடு குறையும். ஆனாலும் வெள்ளைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள மேற்குச் சுவர். மொத்தம் 200 சதுர அடி, அதாவது சுமார் 18.5 சதுர மீட்டர். சித்திரை மாதத்து சாயங்காலம் 4 மணிக்கு அதன் மேல் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிர்நிறம் அதில் சுமார் 35 சதவீதத்தை உறிஞ்சினால், கருநீலம் 90 சதவீதம் உறிஞ்சும். வித்தியாசம் ஏறக்குறைய 5,000 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தை அந்தச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி.

அந்தச் சூடு முழுக்க வீட்டுக்குள் வராது. காற்றும் வானமும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சம் மெதுவாகச் சுவருக்குள் இறங்கும். ஒன்பது இன்ச் செங்கல் சுவரைத் தாண்ட அதற்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். அதாவது சாயங்கால வெயில் ராத்திரி 10 மணிக்கு மேல் படுக்கையறைக்கு வந்து சேரும். ஆறு இன்ச் சிமென்ட் கல் சுவராக இருந்தால் இன்னும் சீக்கிரம். "வெளியில ஜிலுஜிலுன்னு இருக்குது, உள்ள வந்தா மட்டும் வேகுது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அன்னூர் சூரியன் எந்தச் சுவரை அடிக்கிறது?

அன்னூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் மத்தியானச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். மார்கழியில் தெற்கே இறங்கி, மத்தியானத்தில் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது மூன்று விஷயங்கள். ஒன்று, கோடையில் அதிக வெயில் வாங்குவது எந்தச் சுவருமில்லை, மொட்டை மாடிதான். இரண்டு, அடுத்த இடம் கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும். அதிலும் ஏற்கெனவே காற்று சூடாகிவிட்ட நேரத்தில் அடி வாங்கும் மேற்குச் சுவர்தான் கொடுமை. மூன்று, தெற்குச் சுவர் குளிர்கால வெயிலைத்தான் அதிகம் வாங்கும். வடக்குச் சுவருக்கு வருஷத்தில் பெரும்பகுதி நிழல்.

ஆகவே வீட்டின் நான்கு புறத்துக்கும் ஒரே விதி இல்லை. வடக்குப் பார்த்த முகப்பில் ஒரு பகுதிக்குக் கருநீலம் அடித்தால் பெரிய சேதமில்லை. அதே டப்பாவில் மிச்சமானதை மேக்கால செவுத்துக்கும் இழுத்துவிட்டால் பெற்றோரின் தூக்கம் போச்சு. மொட்டை மாடியை அப்படியே கறுத்த சிமென்டாக விட்டுவிட்டு, சுவர் நிறத்துக்கு ஒரு மாதம் சண்டை போடுவதும் வீண். தெலங்கானா 2023-ல் 'கூல் ரூஃப்' கொள்கை என்று தனியாகவே ஒன்று கொண்டுவந்தது. அதன் சாரம், கூரை வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான். வெள்ளைக் கூரைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட, சுவர் பட்ஜெட்டிலிருந்து கொஞ்சம் எடுத்தால்கூடத் தப்பில்லை.

நம் பழைய ஓட்டு வீடுகளில் தாழ்வாரமும் இறங்கிய கூரையும் சுவரில் வெயிலே படாமல் பார்த்துக்கொண்டன. அங்கே எந்த நிறமும் தாங்கும். இன்றைய பெட்டி வடிவ வீட்டில் சுவரும் வெயிலும் நேருக்கு நேர் நிற்கின்றன. நிழல் போய்விட்ட இடத்தில் நிறம்தான் கடைசிக் காவல்.

"ஜோத்பூரே நீல ஊர்தானே?"

கருநீலக் கட்சி இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கும். ராஜஸ்தான் பாலைவன நகரமான ஜோத்பூரின் பழைய பகுதி வீடுகள் நீலம்தான். ஆனால் அது சுண்ணாம்பில் கலந்த வெளிர்நீலம். முக்கால்வாசி வெண்மை, அதில் கொஞ்சம் நீலம். இன்ஸ்டாகிராமில் வரும் கருநீலத்துக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான்.

அந்த வித்தை நமக்கும் புதிதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை துணி நீலம் போட்டுக் கலக்குவார்கள். மஞ்சள் தட்டாமல் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அந்தத் துணி நீலம் அல்ட்ராமரைன் என்ற நிறமி. பிரான்சில் 1820-களில் அதைச் செயற்கையாகத் தயாரிக்க வழி கண்ட பிறகுதான் ஏழை வீட்டுக்கும் நீலம் வந்தது. சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். அதற்கும் முன்பே, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலம் காரம் பட்டால் சிதைந்து பழுப்பாகிவிடும். எந்த நீலம் எந்தச் சுவரில் நிற்கும் என்பதை வேதியியல்தான் முடிவு செய்கிறது.

எது சீக்கிரம் வெளுக்கும்?

இன்று கடை மெஷினில் கலந்து தரும் நீலத்துக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் அடிப்படை ஒரே குடும்பத்து நிறமிகள்தான், தாலோசயனின் குடும்பம். 1930-களில் சந்தைக்கு வந்தவை. வெயிலையும் சிமென்ட் காரத்தையும் நன்றாகத் தாங்குபவை. "நீலம் வெளுத்துடும், பச்சை நிக்கும்" என்பது பழைய நிறமிகள் காலத்துப் பேச்சு.

இன்றைய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பளிச்சென்ற கிளிப்பச்சை, எலுமிச்சைப் பச்சை எல்லாம் நீல அல்லது பச்சை நிறமியோடு மஞ்சள் கலந்து பிறப்பவை. பளிச் மஞ்சளுக்குப் பயன்படும் கரிம நிறமிகளில் பல, வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். மஞ்சள் போனால் மிஞ்சுவது நீலம். நான்கைந்து வருஷத்தில் கிளிப்பச்சை வீடு மெல்ல நீலம் தட்டிப்போவது இதனால்தான். பச்சைக்கும் நீலத்துக்கும் நடக்கும் சண்டையை வெயிலே ஒருநாள் முடித்துவைத்துவிடும்.

வெளிச்சுவருக்குப் பச்சைதான் என்று முடிவானால் காய்ந்த புல், வேப்பிலையின் அடிப்பக்கம், சோள நாற்று மாதிரியான மங்கிய பச்சைகளைப் பாருங்கள். இவற்றில் மஞ்சளுக்கு இரும்பு ஆக்சைடு நிறமி சேர்க்கலாம். அது காவி, செம்மண் வகையறா, லேசில் வெளுக்காது. கடையில் "வெளிச்சுவருக்கு இந்த ஷேடு தருவீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில ஷேடுகளை உள்சுவருக்கு மட்டும்தான் சிபாரிசு செய்வார்கள். வாளியில் ஸ்டெய்னர் பாட்டிலைக் கவிழ்த்துக் கலக்குவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வாளி முதல் வாளி மாதிரியே வராது.

கருநீலத்தில் இன்னொரு சங்கதி. வெளிர் ஷேடுகளைக் கலக்கும் அடிப்படைப் பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். அடியில் இருப்பதை மறைப்பது அதுதான். அடர்நிறங்களுக்கான 'டீப் பேஸ்' டப்பாவில் அது மிகக் குறைவு. அதனால் கருநீலத்துக்கு இரண்டு கோட்டிங் போதாமல் மூன்றாவது கேட்கும். கலக்கும் நிறமியும் அதிகம், விலையும் அதிகம். பிறகு ஒருநாள் வெளிர்நிறத்துக்கு மாற நினைத்தால் மறுபடி ப்ரைமரிலிருந்து தொடங்க வேண்டும்.

தூசியைத் துடைப்பது யார்?

ஒரே கோவை மாவட்டம்தான். ஆனால் வால்பாறை வேறு, அன்னூர் வேறு. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே சுவருக்கு எதிரி பாசி. மலைகளுக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் அன்னூரில் எதிரி புழுதி. குளங்களுக்குத் தண்ணீர் வரவே அத்திக்கடவு - அவிநாசி திட்டத்துக்குப் பல தலைமுறை காத்திருந்த பூமி இது. 1,045 நீர்நிலைகளுக்கான அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல்தான் திறக்கப்பட்டது. இங்கே ஹோஸ் பைப்பால் சுவர் கழுவுவது சாதாரணச் செலவு இல்லை.

செம்மண் புழுதி இளம்பச்சையில் படிந்தால் ஓரளவு கலந்துவிடும். கருநீலத்தில் படிந்தால் பவுடர் பூசின மாதிரி தனியாகத் தெரியும். போர் தண்ணீர் உப்பு வேறு. அடிப்பக்கம் ஈரம் ஏறி உப்பு பூத்தால், கருநீலச் சுவரில் அந்த வெள்ளைத் திட்டு ரோட்டிலிருந்தே தெரியும். உள்ளே என்றால் பல்லி எச்சம், குழந்தை சோபாவை உரசின தடம், மேட் பெயின்டில் கை பட்டுப் பட்டு வரும் பளபளப்பு. இளம்பச்சைக்கும் குறை இல்லாமல் இல்லை. சுவிட்ச் பக்கத்து அழுக்கும், குழம்புத் தாளிப்பின் எண்ணெய்க் கறையும் அதில் நன்றாகவே தெரியும்.

இதையெல்லாம் துடைக்கப்போவது யார்? பெரும்பாலான வீடுகளில் விடை தெரிந்ததுதான். அப்படியானால் அவருடைய ஓட்டுக்கு மதிப்பு அதிகம் இருக்க வேண்டாமா? நிறம் பற்றிய குடும்பக் கூட்டத்தில் அம்மாவை முதலில் பேசவிடுங்கள் என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. அந்தச் சுவரோடு மாரடிக்கப்போவது அவர்தான்.

திரையில் பார்த்த நீலம் சுவரில் வராது

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் அதே போனில்தான் நீங்கள் ஷேட் கார்டையும் பார்க்கிறீர்கள். போன் திரை தானே வெளிச்சம் விடும் பொருள். சுவர் அப்படியில்லை, விழுந்த வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. போனில் கருநீலம் ஒளிரும். 10-க்கு 10 அறையில் ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் அதே நீலம் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். ராத்திரி 'ஐ கம்ஃபர்ட்' மோடில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இன்னும் மோசம். அது நீலத்தைக் குறைத்துக் காட்டும் மோடு.

விளக்கும் நிறத்தை மாற்றும். நம் வீடுகளில் பழக்கமான வெள்ளை எல்.இ.டி. ட்யூப், அதாவது 6500 கெல்வின், இளம்பச்சையைக் கொஞ்சம் நீலத்துக்கு இழுக்கும். சில பச்சைகள் அதன் கீழ் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு பச்சையைக் கனிய வைக்கும், கருநீலத்தைச் சாம்பல் கறுப்பாக்கும். பெயின்டை முடிவு செய்யும் முன் பல்பை முடிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய பாடம் அன்னூரிலிருந்து வடமேற்கே பார்த்தாலே கிடைக்கும். மேகமில்லாத காலையில் மலைத்தொடர் நீலமாக நிற்கும். பெயரே நீலகிரி. பஸ் ஏறி மேட்டுப்பாளையம் தாண்டி மலைக்குள் போனால் எல்லாம் பச்சை. இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது. ஒரே மலை, பார்க்கும் இடமும் வெளிச்சமும்தான் வேறு. உங்கள் ஹாலுக்கும் இதே விதிதான்.

உள்ளறைக்குக் கருநீலம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்சுவரின் நிறம் வீட்டுச் சூட்டைப் பெரிதாக மாற்றாது. அங்கே பிரச்சினை வெளிச்சம்தான். நல்ல ஜன்னல் உள்ள அறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் கருநீலம் அடித்தால் அழகாகத்தான் இருக்கும். நான்கு சுவருக்கும் அடித்தால் பகலிலேயே லைட் போட வேண்டி வரும். கண் பார்வை குறைந்துகொண்டு வரும் பெரியவர்கள் நடமாடும் அறைக்கும், படிக்கட்டுக்கும், பாத்ரூமுக்குப் போகும் வழிக்கும் அடர்நிறம் கூடவே கூடாது. தடுக்கி விழுந்தால் பெயின்ட் செலவு ஒரு செலவாகவே தெரியாது.

கிரகம், கட்சி, சாதி

கருநீலம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லும்போது வெயில் காரணமாக இருப்பது அபூர்வம். "சனி நிறம்" என்பார்கள். ஜோதிடத்தில் நீலக்கல் சனிக்கு, மரகதப் பச்சை புதனுக்கு. பக்கத்துப் பேரூரில் பட்டீஸ்வரரோடு இருக்கும் அம்மன் பெயரே பச்சைநாயகி. பச்சை மங்கலம் என்ற எண்ணம் நம் மண்ணில் ஆழமாக இருக்கிறது. பெருமாளை நீலமேனியன் என்றும் கும்பிடுகிறோம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். நம்பிக்கையோடு சண்டை போடத் தேவையில்லை. பூஜை அறைக்கு அவர்கள் சொன்ன நிறத்தை அடித்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு காரணம் வெளியே சொல்லப்படாதது. தமிழ்நாட்டில் நிறம் பேசும். 2013-ல் சென்னைச் சிற்றுந்துகளில் வரைந்த பச்சை இலைகள் நீதிமன்றம் வரை போயின. நீலம் அம்பேத்கர் இயக்கத்தின் நிறம். மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளே சாதி அடையாளமாக மாறுவதைப் பார்த்து, அவற்றைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. இந்தச் சூழலில் "நீலம் அடிச்சா ஊர்ல என்ன நெனைப்பாங்க?" என்ற கேள்வி சில வீடுகளில் சன்னமான குரலில் எழுகிறது. "வாஸ்து சரியில்லை" என்ற போர்வையிலும் அது வரும்.

இந்த இடத்தில் மட்டும் நான் கருநீலக் கட்சி. வெயிலுக்காகக் கருநீலத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள், வெளிச்சத்துக்காகச் சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஒரு நிறத்தை இன்னார் நிறம் என்று சொல்லி ஒதுக்குவது, மனிதர்களை ஒதுக்கும் பழக்கத்தின் மிச்சம். புது வீட்டுச் சுவரில் அந்தப் பழைய அழுக்கு ஏற வேண்டாம். அந்த ஒரே காரணத்துக்காக உங்கள் வீட்டில் நீலம் மறுக்கப்பட்டால், வடக்கு முகப்புக்கு நீலம் அடிக்கச் சொல்லி நானே சிபாரிசு செய்வேன்.

பழைய பச்சை ஜன்னலில் ஓர் எச்சரிக்கை

புது வீட்டுக்காரர்களைவிடப் பழைய வீட்டை மராமத்து செய்பவர்களுக்கு இது முக்கியம். பல வருஷத்துக்கு முன் மர ஜன்னலுக்கும் கிரில்லுக்கும் அடித்த பச்சை, மஞ்சள் எனாமல்களில் ஈயம் சேர்ந்த நிறமிகள் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

பழைய எனாமலை உப்புத்தாள் போட்டுக் காய்ச்சலாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பரவும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்டருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தூளை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பச்சை என்ற பெயருக்காகப் பாதுகாப்பு வந்துவிடாது. 1775-ல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த ஓர் அழகான பச்சை, ஆர்சனிக்கில் செய்யப்பட்டது.

சரி, என் தீர்ப்பு என்ன?

வெளிச்சுவர்: மங்கிய இளம்பச்சை, அல்லது அதைவிட வெளிர்ந்த எதுவும். எல்.ஆர்.வி. 60-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கிழக்கிலும் மேற்கிலும் கருநீலம், அடர்பச்சை இரண்டுமே வேண்டாம். கருநீல ஆசை அடங்கவில்லையா? வடக்கு முகப்பில் ஒரு பட்டை, நிழலில் இருக்கும் வாசல் கதவு. மேற்குப் பார்த்த இரும்பு கேட்டுக்கு வேண்டாம், சாயங்காலம் தொட்டால் சுடும்.

உள்ளே: நல்ல வெளிச்சமுள்ள அறையில் ஒரு சுவர் கருநீலம், மற்ற மூன்றும் வெளிர்நிறம். பெரியவர்கள் அறைக்கு இளம்பச்சையோ அரை வெள்ளையோ. கருநீல அறை வேண்டும் என்றால் அது உங்கள் அறையாக இருக்கட்டும். வரும்போது நீங்கள் படுத்துக்கொள்ளலாம்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. சின்ன டப்பாவில் இரண்டு ஷேடையும் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு சிமென்ட் ஷீட் துண்டுகளில் இரண்டு கோட்டிங் அடித்து மேற்குச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை 8 மணி, மத்தியானம் 1 மணி, சாயங்காலம் 4.30 என்று மூன்று வேளையும் பாருங்கள். 4.30-க்குப் பார்த்தால் மட்டும் போதாது, இரண்டின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். அப்பாவையும் அம்மாவையும் வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் நடக்கும் விவாதம் பத்து நொடியில் முடிந்துவிடும்.

உலக நிற நிறுவனமான பான்டோன் 2013-ல் மரகதப் பச்சையை ஆண்டின் நிறம் என்றது. 2017-ல் வேறொரு பச்சை, 2020-ல் நீலம். ட்ரெண்ட் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். நம்மூரில் வெளிச்சுவருக்கு மறுபடி பெயின்ட் அடிக்க எட்டு, பத்து வருஷம் ஆகும். அதுவும் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வந்தால்தான். அதுவரை அந்த நிறத்தோடு இருக்கப்போவது பெற்றோர்தான். ஷேட் நம்பரைப் பெயின்டருக்கு அனுப்பும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "கலர் புடிச்சிருக்காங்கம்மா?" என்று மட்டும் கேட்டால் "உங்களுக்குப் புடிச்சா சரி கண்ணு" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் எந்த ரூம்ல படுக்கறீங்க, அங்க ராத்திரி சூடு இறங்குதுங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.